பூக்குழிக் கால்

மாரியம்மன் கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் பூலோகம் காலுறை மாட்டி, அதன்மேல் கான்வாஸ் பூட்ஸும் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கே செருப்பில்லாமல் வந்து நின்ற மனுசன். வெறுங்காலால் மிதித்தால்தான் லாரி தன் பேச்சைக் கேட்கும் என்று பத்துப் பேரிடம் பெருமை அடிக்கிறவன்.

"என்ன, தொர எங்க பொறப்பட்டாவ?" என்றாள்.

"மொதலாளி சொல்லிட்டாரு. டிரைவர்மாரெல்லாம் இனிமே பூட்ஸ் போடணுமாம்."

"ஞானதுரை மொதலாளியா? அவரே கடையில வேட்டிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு வெறுங்காலோடலா நிக்காரு."

"அவரு வண்டி ஓட்டுதாரா, கல்லாவுல உக்காந்துருக்காரா? வெட்டிப் பேச்சு பேசாத. சோத்தைக் கெட்டு."

அவள் சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டாள். காப்புக் கட்டியதிலிருந்து வீட்டில் கருவாட்டு வாசனையே இல்லை. கொடையோடு கவிச்சி விலக்கு தீர்ந்தது, எட்டாம் நாள் காப்பு அவிழ்ப்பதுதான் பாக்கி. இன்றைக்குத்தான் சாளைக் கருவாட்டுக் குழம்பு. வயிற்றில் ஆறு மாசம். இதற்கு முன் தரித்த இரண்டும் தங்கவில்லை. இது தங்கிவிட்டால் பூக்குழி இறங்குகிறேன் என்று பூலோகம் தாராவி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தான். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் இறங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மனிடம் கடன் சொல்லி நிற்க அவனுக்கு மனசில்லை. நேற்று இறங்கிவிட்டான். அவள் கண்ணாலேயே பார்த்தாள். கையில் வேப்பங்குலையோடு நேராகப் போனான், கரையேறினான், அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து ராத்திரியெல்லாம் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே கிடந்தாள்.

சிரித்தது உண்மைதான். கால் வெந்ததும் உண்மை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தெருக்காரர்களின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். விரதம் தப்பாதவன் காலைப் பூக்குழி சுடாது. சுட்டால் அவன் காப்புக் கட்டிய பிறகு குடித்திருக்கிறான், அல்லது பெண்ணைத் தொட்டிருக்கிறான். அவனுடைய நேர்ச்சையை அம்மன் திருப்பிவிட்டாள் என்று அர்த்தம். இதற்கு அப்பீல் கிடையாது. பூலோகம் குடித்தே பழக்கமில்லாதவன். ஆனாலும் நடுக்குழியில் அவனுடைய உள்ளங்காலில் எதுவோ குத்திச் சுட்டது. ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். அம்மன் தன் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளா என்று நினைத்தபோது அவனுக்குக் காலைவிட நெஞ்சுதான் எரிந்தது. வடிவிடம் இதை எந்த வாயால் சொல்வான்? பூட்ஸ் போட்டுக்கொண்டான்.

விஷயம் தெரிந்தவன் ஒருத்தன்தான். லாரி கிளீனர் அய்யாத்துரை, வடிவின் தம்பி. மஸ்ஜித் பந்தரில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் மருந்துக்கடைக்கு ஓடி புண்ணுக்குப் போடுகிற, சாராய நெடி அடிக்கிற டிங்க்சர் ஒரு குப்பி வாங்கி வந்தான்.

"அத்தான், இன்னைக்கு ஒருநா லீவு போட்டா என்ன? கால் கொளகொளன்னு இருக்கு."

"கொடைக்கு மறுநா லீவு போட்டா ஊரு கேக்கும்லா, காலுக்கு என்னன்னு. கொண்டா குப்பிய."

கார்க் இறுகியிருந்தது. பூலோகம் அதைப் பல்லால் கடித்து இழுத்தான். பாதி மருந்து வாயிலும் சட்டையிலும் சிந்தியது, மீதி காலுக்குப் போயிற்று. காறித் துப்பிவிட்டுக் காலுறையை ஏற்றினான். மே மாச வெயில். இஞ்சின் சூட்டில் பூட்ஸுக்குள் கால் வெந்துகொண்டே வந்தது.

மாட்டுங்கா திரும்பும் இடத்தில் வெங்காயக் கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். வலித்த கால் தானாக ஒரு கணம் பின்வாங்கிவிட்டது. லாரி மெதுவாகத்தான் போய் முட்டியது. வண்டிக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெங்காயம் மட்டும் ரோடெல்லாம் உருண்டது. அதைப் பொறுக்க ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். பூலோகம் இறங்கி வந்தான். தரையில் கால் பட்டதும் தள்ளாடி மட்கார்டைப் பிடித்துக்கொண்டான்.

"தாரூ பியா ஹை!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். குடித்திருக்கிறான்.

அந்தக் காலத்துப் பம்பாயில் பர்மிட் இல்லாமல் குடிப்பதே குற்றம். அதனால் குடிக்கிறவர்கள் எதையெல்லாமோ குடித்தார்கள். இஞ்சி டிங்க்சர், பாலிஷ் ஸ்பிரிட், தாராவி ஓடைக்கரையில் பானை பானையாகக் காய்ச்சியது. அங்கே நின்ற ஹவில்தாருக்கு இதெல்லாம் மூக்கிலேயே பாடம். வந்தார், பூலோகத்தின் வாயை மோந்தார், சட்டையை மோந்தார், லாரிக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டின் மேலே கார்க் இல்லாத டிங்க்சர் குப்பி கிடந்தது. வேறென்ன வேண்டும்?

"ஸாப், மருந்து ஸாப், பைர் மே..." என்று அய்யாத்துரை காலைக் காட்டத் தொடங்கினான்.

"ஏல, வாய மூடு!" என்றான் பூலோகம்.

அய்யாத்துரை வாயை மூடிக்கொண்டு அக்காளைக் கூப்பிட தாராவிக்கு ஓடினான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். ஊதிப் பார்க்கிற யந்திரமெல்லாம் அப்போது கிடையாது. டாக்டரின் மூக்குதான் யந்திரம். வாயைத் திறந்து ஊதச் சொன்னார். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டான். தரையில் நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொன்னார், எடுத்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார், மாட்டினான். டாக்டரின் முகத்தில் லேசான சந்தேகம் வந்தது. சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"ஸீதா சலோ."

"நேரா நடக்கச் சொல்றார்" என்றாள் நர்ஸ் அம்மிணி. பாலக்காட்டுப் பக்கத்துக்காரி. "அந்தக் கோட்டு மேலேயே நடக்கணும், கேட்டேளா?"

பூலோகம் கோட்டில் கால் வைத்தான். ஒரு எட்டு வைக்கும்போதே உடம்பு இடப்பக்கம் சரிந்தது. இன்னொரு எட்டுக்கு வலப்பக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடியும் அதே கதை.

அம்மிணி அவனுடைய பூட்ஸைப் பார்த்தாள். "காலிலே என்ன? புண்ணு வல்லதும் உண்டா?"

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில்தான் வாசலில் வடிவு வந்து நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை கதவில், ஒரு கை வயிற்றில்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றான்.

"பூட்ஸைக் கழட்டிக் காட்டுங்கோ. டாக்டர் எழுதப் போறார். எழுதிட்டா அவ்வளவுதான்."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதம்லா!"

டாக்டர் எழுதிவிட்டார். காலில் காயம் எதுவும் இல்லை என்று அவனே சொன்னான், நடை தள்ளாடுகிறது, வாயில் நெடி இருக்கிறது. பிறகு ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்து வந்தார்கள். புட்டியில் ரத்தம் ஏறுவதைக் கண்டதும் வடிவு உள்ளே வந்துவிட்டாள்.

"ரெத்தத்தை எதுக்கு எடுக்காவ?"

"சாராயம் கலந்திருக்கான்னு பார்க்க. சோதிக்கிற இடத்துக்கு அனுப்புவா" என்றாள் அம்மிணி.

"எடுக்கட்டும். நல்லா எடுக்கட்டும். நேத்துப் பூக்குழி எறங்குன ஒடம்பு. அவிய ரெத்தத்துல மஞ்சத்தண்ணிதான் ஓடும்" என்றாள் வடிவு. அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுப் பூலோகம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞானதுரை முதலாளி வந்து ஜாமீன் போட்டார். நல்ல மனுசர்தான். ஆனால் அவருக்கும் பயம். "லைசென்ஸைப் போலீஸ்ல வாங்கிட்டானுவ. கேஸு தீரட்டும் பூலோகம். குடிகார டிரைவரை வச்சிருக்கேன்னு நாலு பேரு சொல்லிரப்பிடாது பாத்தியா" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். கேஸ் தோற்றால் லைசென்ஸ் திரும்பாது. ஓட்டுவதைத் தவிர பூலோகத்துக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

சாயங்காலம் வீட்டில் அவன் பூட்ஸோடேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வடிவு சருவத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கழத்துங்க."

"வேண்டாம்."

"போலீஸ்காரன் முன்னால கழத்தல, டாக்டர் முன்னால கழத்தல. எம் முன்னாலயுமா?"

அவன் காலை இழுத்துக்கொண்டான். அவளே உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தாள். எடுத்தவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவ."

"இப்ப பயப்படலையாக்கும்?"

"வடிவு, சத்தியமாச் சொல்லுதேன், ஒரு சொட்டுக் குடிக்கல. ஒரு தப்பும் பண்ணல. வெத்தல பாக்குக்கூடப் போடல. எதுக்குச் சுட்டுதுன்னு எனக்குத் தெரியல."

அவன் அழுதுவிட்டான். ஆம்பிளை அழுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் கண் அந்தப் பாதத்தைவிட்டு நகரவில்லை. கொப்புளத்துக்கு நடுவில் வட்ட வட்டமாகக் கருகிய தடங்கள். எல்லாம் ஒரே அளவு.

"இது என்னது, ஆணித் தலை கணக்கால்ல இருக்கு?"

வாசலில் நின்ற அய்யாத்துரைதான் பதில் சொன்னான். "இந்த வருசம் பூக்குழிக்கு விறகுக் கடையில வாங்கல அக்கா. கட்டடம் இடிக்கிற எடத்துலருந்து பலகையும் உத்திரமும் மலிவாக் கெடச்சுதுன்னு தங்கபாண்டி அண்ணாச்சி லாரியில ஏத்திட்டு வரச்சொன்னாவ. நான்தான் எறக்குனேன். ஆணிய ஒருத்தரும் பிடுங்கல."

பலகை எரிந்து கங்காயிற்று. ஆணி எரியுமா? சிவந்துபோய் உள்ளேயே கிடந்திருக்கிறது. வடிவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அம்மன் சுடவில்லை. ஆணி சுட்டிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே புருசனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போலீஸ் சவுக்கிக்குப் போனாள். பூலோகம் காலைத் தூக்கிக் காட்டினான். அய்யாத்துரை பம்பாய் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னான். இன்ஸ்பெக்டர் பார்த்தார். மோசமான ஆள் இல்லை. ஆனால் அவர் மேசையில் டாக்டர் எழுதியது இருந்தது. நேற்றுக் கேட்டபோது ஒன்றுமில்லை என்றவன் இன்று புண்ணோடு வந்தால் என்ன நினைப்பது? கேஸிலிருந்து தப்பிக்க ராத்திரி நீயே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றார். இவன் மச்சான், இவன் சாட்சி செல்லாது என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"இவன் மட்டுமா நெருப்பில் நடந்தான்?"

"இல்ல ஸாப், பத்துப் பதினஞ்சு பேரு."

"எல்லாரும் அதே நெருப்புதானே? அப்படியானால் மற்றவர்களும் நொண்ட வேண்டுமே? அவர்களில் யாராவது வந்து சொல்லட்டும். வராவிட்டாலும் போகட்டும், நம் ஹவில்தார் எட்டாம் பூஜைக்கு உங்கள் கோவிலுக்குப் பந்தோபஸ்துக்கு வருவார். நான்கு பேர் நொண்டுவதைக் கண்டால் வந்து என்னிடம் சொல்லுவார். டாக்டருக்கு நானே எழுதுகிறேன்."

கொடை கழிந்த எட்டாம் நாள் மத்தியானப் பூசையில், பூக்குழி இறங்கியவர்கள் எல்லாரும் மஞ்சள் வேட்டியோடு வெறுங்காலாகக் கோவிலைச் சுற்றிவந்து காப்பு அவிழ்ப்பது வழக்கம். வடிவு தைரியமாகத்தான் வீடு திரும்பினாள். மற்றவர்களுக்கும் சுடாமல் இருந்திருக்காது, கேட்டால் சொல்லாமலா இருப்பார்கள் என்று நம்பினாள்.

மறுநாள் அவள் போனபோது கோவில் கமிட்டித் தலைவர் தங்கபாண்டி வீட்டில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேர்த்துக் கொட்டுகிற அந்தப் பகலில் அவர் இடுப்பிலிருந்து கால்வரை போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் பெண்சாதி சீனியம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"வா தாயி. வயித்துப்பிள்ளக்காரி, கீழ உக்காராத. ஏட்டி, ஸ்டூல எடுத்துப் போடு. பூலோகம் வெசயம் கேள்விப்பட்டேன். காப்பு அவுக்கதுக்குள்ள இப்படியா?"

"அவிய குடிக்கல அண்ணாச்சி."

"நான் சொன்னனா? ஊரு சொல்லுது."

"அவிய கால் வெந்துபோச்சு. அதான் தள்ளாடிருக்காவ."

தங்கபாண்டியின் முகம் மாறிற்று. "மெதுவாப் பேசு. கால் வெந்துச்சுன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா? அதுக்கு அவன் குடிச்சான்னே இருந்துட்டுப் போவட்டும்."

"ஆணி அண்ணாச்சி. பலகையில இருந்த ஆணி."

"என்ன ஆணி?"

"நீங்க வாங்குன பலகையில இருந்த ஆணி."

சீனியம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் தூக்கியபோது குப்பென்று ஒரு நெடி வந்தது. வடிவு மூன்று நாளாக வீட்டில் முகருகிற நெடிதான். டிங்க்சர்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் சுட்டிருக்கு."

"எனக்கு மூட்டுவலி. அதுக்குத் தைலம் போட்டுருக்கு."

"கோர்ட்டுக்கு வரவேண்டாம், போலீசுக்கு வரவேண்டாம். ஒரு வார்த்த சொல்லவேண்டாம். எட்டாம் பூசையில கோயிலச் சுத்தும்போது ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து நொண்டுங்க. பொய்யா நொண்டச் சொல்லல. வலிக்கிற காலத்தான நொண்டச் சொல்லுதேன்."

தங்கபாண்டி போர்வையின் ஓரத்தைக் காலுக்கடியில் செருகிக்கொண்டார். பேசியபோது அவர் குரலில் கோபமில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"தாயி, இந்தக் கோயிலுக்கு இடம் பிடிக்க முனிசிபாலிட்டிக்காரனோட எத்தன மல்லுக்கெட்டுனோம் தெரியுமா? இந்த அம்மன நம்பித்தான் இந்தச் சாக்கடைக் கரையில இத்தனை குடும்பம் கெடக்கு. கமிட்டித் தலைவனுக்கே கால் சுட்டுதுன்னா அடுத்த வருசம் எவன் எறங்குவான்? எவன் வரி குடுப்பான்? நான் நொண்டுனா நான் குடிகாரன். எம் மவளுக்குப் பேசி வச்சிருக்க எடத்துல என்ன சொல்லுவாவ? மத்தவனுவ கிட்டயும் போய்க் கேட்டுப்பாரு. எல்லாவனும் இதத்தான் சொல்லுவான்."

கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஒருத்தன் சைக்கிளில் இருந்து இறங்காமலே பேசினான். ஒருத்தன் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை, காய்ச்சல் என்றான். ஒரு வீட்டில் பேச்சை மாற்றி மோர் கொடுத்து அனுப்பினார்கள். தெரு முழுக்க அந்த வாரம் ஆம்பிளைகள் எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். அதைப் பார்க்கக் கண் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ரத்தத்தையாவது நம்பியிருந்தாள். பூசைக்கு முந்தின நாள் ஹவில்தார் தெருவழியாகப் போனபோது அய்யாத்துரை ஓடிப்போய் விசாரித்தான். வெயிலில் புட்டிக்குள்ளேயே ரத்தம் உறைந்துபோயிற்றாம். சோதிக்க முடியாதென்று திருப்பி எழுதிவிட்டார்களாம். இனி டாக்டர் எழுதினதுதான் எல்லாம்.

"நீங்களாவது நொண்டுங்க" என்றாள் வடிவு அன்றைக்கு. "மத்தவங்க எப்படியும் போவட்டும். வலிக்கத மறைக்காம நடங்க. ஹவில்தார் பாக்கட்டும்."

"ஊரும் பாக்குமே."

"பாக்கட்டும். ஊரா நமக்குச் சோறு போடுது? எனக்கு ஆணின்னு தெரியும். அது போதும்."

அவன் சரி என்றான். அவனுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

எட்டாம் நாள் உச்சிவெயிலில் கோவிலைச் சுற்றிய கல்தளம் கொதித்தது. பொம்பிளைகள் கரையில் நின்று குலவையிட்டார்கள். வேப்பமரத்தடியில் ஹவில்தார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். சொன்னபடி அவர் கண் வந்தவர்களின் காலில்தான் இருந்தது. முதலில் தங்கபாண்டி வந்தார். மஞ்சள் வேட்டி, மார்பில் சந்தனம். நிமிர்ந்து, நேராக, ஒரு எட்டு பிசகாமல் நடந்தார். அவருக்குப் பின்னால் காய்ச்சல்காரன், சைக்கிள்காரன், எல்லாரும். ஒருத்தனும் நொண்டவில்லை. பல்லைக் கடித்திருந்தார்கள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்தி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியாகப் பூலோகம். முதல் எட்டிலேயே உடம்பு சரிந்தது.

குலவை நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பிற்று. சீனியம்மாள் வடிவின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. பொய் சொல்லவில்லை, மெய்யாகவே பயந்துதான் சொன்னாள். "வடிவு, இது அம்மன் சன்னதி, பிள்ள. ஆணியோ என்ன எழவோ, எனக்கும் தெரியும். ஆனா இங்க நொண்டுனதுக்குப் பொறவு வயித்துல இருக்கதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தத் தெரு மட்டுமில்ல, நீயே ஒன்னை விடமாட்ட."

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. முந்தின இரண்டும் இந்த மாசத்தில்தான் போயின. ஆணி, ஆணி என்று வடிவு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு இத்தனை நாள் இருந்த பலம் அப்போது இல்லை. பூலோகம் அடுத்த எட்டை எடுப்பதற்கு முன் அவளைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பூலோகம் நிமிர்ந்தான். கொதிக்கிற கல்லில் முழுப் பாதத்தையும் ஊன்றி வைத்தான். ஆஸ்பத்திரித் தரையில் சாக்கட்டிக் கோட்டில் நடக்க முடியாத மனுசன், கோடே இல்லாத அந்தத் தளத்தில் இம்மி விலகாமல் கோவிலைச் சுற்றி முடித்தான். குலவை மறுபடி எழும்பிற்று. அவன் நடந்த வழியில் ஈரமாகத் தெரிந்தது மஞ்சள்தண்ணீரா வேறெதுவுமா என்று குனிந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

ஹவில்தார் தொப்பியைப் போட்டுக்கொண்டு வடிவின் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குக் கோபம் இல்லை, ஏமாற்றம்தான். பூலோகம் போன திசையைக் காட்டி, கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"தேகோ பஹன். பியா நஹீ தோ கைஸா ஸீதா சல்தா ஹை."

மொழிபெயர்த்துச் சொல்ல அய்யாத்துரை வாயைத் திறந்தான். வேண்டாம் என்று வடிவு கையைக் காட்டினாள். பாருங்க தங்கச்சி, குடிக்காதபோது எவ்வளவு நேரா நடக்கான். அவளுக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது.